பின்வாசல் பார்த்து வைத்த அக்காவுக்கு, மூன்று அறைகளின் மடல்

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. பின்வரிசையில் இருப்பவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கதவருகே நிற்பவர்களும் உள்ளே வந்து உட்காருங்கள். மேசைமேல் மூடி வைத்திருக்கும் பலகாரம் எங்கேயும் ஓடிவிடாது. இது பணி நிறைவுப் பாராட்டு மடல்தான். கண்ணாடி போட்டுச் சட்டத்துக்குள் வைத்துக் கொடுக்கப்போகிறோம். சட்டத்துக்குள் போகுமுன் ஒருமுறை உங்கள் காதுக்குள் போகட்டும். இதற்குள் ஒரு கதை இருக்கிறது. ஒரு கப்பல் கரை சேர்ந்த கதை, ஒரு வியாழக்கிழமைக் கதை. சொல்லி முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது.

முதலில் முறைப்படி விளிக்கிறேன்.

பேசும் நூலகத்தின் பெட்டியறைப் பொறுப்பாளரே, எட்டு வட்டுகளுக்கும் எங்கள் எல்லோருடைய எரிச்சலுக்கும் ஒருசேரக் காவல் இருந்தவரே, நாங்கள் பதறிய நேரத்தில் பதறாதவரே, பாராட்டிய நேரத்தில் பல்லைக் காட்டாதவரே, பொத்தானைத் தொடுமுன் பொறுத்தவரே, தொட்டபின் தொட்டதை மறைக்காமல் எழுதி வைத்தவரே, இருபத்திரண்டு ஆண்டுகளாக எங்கள் குரல்களைக் குளிரறைக்குள் குலையாமல் காத்தவரே, எங்கள் பின்வாசல் அக்காவே, வணக்கம்.

உங்களைவிட நான் பதினொரு வயது மூத்தவள். முறைக்குத் தங்கச்சி என்று அழைக்க வேண்டும். ஆனால் இந்தக் கட்டடம் முழுக்க அக்கா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டதால், எனக்கும் நீங்கள் அக்காதான். எழுபத்தொரு வயதில் ஒரு புது அக்கா கிடைப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

உங்கள் வேலை என்னவென்று இங்கே வந்திருக்கும் உறவினர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்களுக்கே முதல் ஐந்து வருடம் தெரியவில்லை. கண்பார்வை இல்லாதவர்கள் கேட்பதற்காக நாங்கள் புத்தகங்களை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்கிறோம். பஞ்சுப் பலகை ஒட்டிய மூன்று அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மைக், ஒரு தண்ணீர்க் குவளை, முனகாத நாற்காலி ஒன்று. படிப்பது எங்கள் வேலை. படித்தது போய்ச் சேருமிடம் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்ன அறை. முன்னொரு காலத்தில் துடைப்பமும் வாளியும் வைத்திருந்த இடம். அங்கேதான் இருக்கிறது சர்வர் என்னும் பெட்டி. மூன்று அறையிலிருந்தும் கம்பி வழியாக வரும் குரலை வாங்கி வைத்துக்கொண்டு, கேட்கும்போது திருப்பித் தருவது அதன் தொழில். பதிவு இயந்திரங்களுக்குச் சொந்தமாக நினைவு கிடையாது. வாயிலிருந்து வந்த சொல் நேரே பெட்டிக்குத்தான் போகும். பெட்டி படுத்தால் நூலகம் ஊமை.

அந்தப் பெட்டியோடு நீங்கள் குடித்தனம் நடத்தினீர்கள். குரல்களைச் சேமிக்கும் எட்டு வட்டுகளுக்கான எட்டு விளக்குகளில் ஏழாவது எப்போதும் தாமதமாகத்தான் எரியும் என்பதும், மழை பெய்தால் ஜன்னலோரக் கம்பி மக்கர் பண்ணும் என்பதும் உங்களுக்கு மட்டும் தெரிந்த குடும்ப ரகசியங்கள். எதை மாற்றச் சொன்னாலும் உங்களிடமிருந்து வரும் முதல் கேள்வி ஒன்றுதான். "சரி, பின்வாசல் எங்க?" உள்ளே போவதற்கு முன் வெளியே வரும் வழியைப் பார்க்க வேண்டும் என்பது உங்கள் கணக்கு. அதனால்தான் அந்தப் பெயர். முன்வரிசையில் அடக்கமாக உட்கார்ந்திருக்கும் உங்கள் வீட்டுக்காரரைக் கேட்டோம், வீட்டிலும் இப்படித்தானா என்று. தையல்காரர், அளந்துதான் பேசுவார். "சோபா வாங்கப் போனோம்மா. பிடிக்கலன்னா திருப்பி எடுத்துப்பீங்களான்னு கேட்டா. கடைக்காரன் மாட்டேன்னான். இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்டுல பாய்தான்" என்றார். கல்யாணத்துக்கு முன் என்ன கேட்டீர்கள் என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

இப்போது கதைக்கு வருகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் பெட்டியின் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்தது. பழையதற்கு இனிமேல் பழுது பார்த்துத் தரமாட்டோம் என்று தயாரித்தவர்கள் சொல்லிவிட்டார்கள். நம் நிர்வாகி அவசரப்படுத்தினார், நீங்களும் சரியென்றீர்கள். ஒரு திங்கட்கிழமை பகலில் பெட்டியை நிறுத்தி, புதியதை ஏற்றி, முதல் அறையில் உட்கார்ந்து பத்து நிமிடம் நீங்களே படித்துப் பார்த்தீர்கள். பதிவானது, ஒலித்தது, சரி என்று எழுதி வைத்தீர்கள். திரையில் மட்டும் சிவப்பில் ஓர் அறிவிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது: வட்டுகளையும் புதிய முறைக்கு மாற்றவும். பக்கத்தில் ஒரு பொத்தான், அதன் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி. நீங்கள் அந்தப் பொத்தானைத் தொடவில்லை. ஒரு வாரம் ஓடட்டும், பார்க்கலாம் என்றீர்கள்.

அதே வாரம் மூன்றாம் அறையில் நம் நடத்துநர் அண்ணன் படித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் பேருந்தில் குரல் கொடுத்தவர். ஓய்வு பெற்றபின் எங்களுக்குக் குரல் கொடுக்க வந்தவர். பதினான்கு அத்தியாயங்கள் கொண்ட ஒரு கடற்பயணக் கதை அவர் கையில் இருந்தது. தொண்டையில் ஒரு கட்டி. வெள்ளிக்கிழமை காலை அறுவை சிகிச்சை. அதன்பின் குரல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வியாழன் மாலை ஆறு மணிக்கு மருத்துவமனையில் போய்ப் படுக்க வேண்டும். அதற்குள் கப்பலைக் கரை சேர்க்க வேண்டும் என்பது அவர் வைராக்கியம். கதை கேட்பவர்களில் ஒரு தொலைபேசி நிலையத்துப் பெண்மணி உண்டு, பிறவியிலேயே பார்வையில்லாதவர். இந்தக் கதை வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து வாராவாரம் கூப்பிட்டு, "எங்க கப்பல் எங்க வந்திருக்கு?" என்று கேட்பார். அவருக்காகவாவது முடித்துவிட வேண்டும் என்பார் அண்ணன்.

அவருக்கென்று செவ்வாய்க்கிழமை காலையில் பெட்டிக்குள் தனியாக ஓர் இடத்துக்கு வழி திறந்து கொடுத்தீர்கள், பிறருடைய பதிவுகளோடு கலந்துவிடாமல் இருக்க. செவ்வாயும் புதனும் அவர் ஒருவர்தான் படித்தார். பன்னிரண்டு அத்தியாயம் முடிந்தது. வியாழன் காலை மற்ற இரண்டு அறைகளிலும் ஆள் உட்கார்ந்தோம். அவர் பதிமூன்றையும் பதினான்கையும் படித்து முடித்து, தண்ணீர் குடித்து, வெளியே வந்து, "இறங்கியாச்சு" என்றார். பதினொன்றேகால் இருக்கும். ஒலியை வெட்டி ஒட்டும் நம் கத்திரி அதைத் திறந்து பார்த்தார். கோப்பின் பெயர் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அளவு, சுழி. என் அறையில் நான் படித்ததும் சுழி. அதற்குமேல் எந்தக் கோப்பைத் தொட்டாலும் திரை அசையவில்லை. பெட்டி உறைந்துவிட்டது.

மாடிப்படிக்குக் கீழே எல்லோரும் கூடிவிட்டோம். துடைப்பம் வைக்கும் அறைக்குள் ஐந்து பேர் நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகி திரையைக் காட்டினார். "அதான் சிவப்புல போட்டிருக்கானே, வட்டையும் மாத்துன்னு. பாதி மாத்திட்டு பாதி விட்டா இப்படித்தான் ஆகும். அமுக்கிடுங்கக்கா, சரியாயிடும்."

"ரெண்டாவது வரியையும் படிங்க சார்."

"அது சின்னதா இருக்கே."

"சின்னதா இருக்கறதாலதான் படிக்கச் சொல்றேன்."

நிர்வாகி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். மாற்றியபின் பழைய பதிப்பால் இந்த வட்டுகளைத் திறக்க இயலாது என்று இருந்தது. நீங்கள் நிதானமாகச் சொன்னீர்கள்: "அத அமுக்கினா பின்வாசல நாமளே செங்கல் வச்சு அடைச்சுக்கறோம்னு அர்த்தம்."

"மூணு நாளா அந்தச் செவப்பு அக்காவப் பாத்துக் கண்ணடிச்சுக்கிட்டே இருக்கு. அக்கா மசியலையே" என்றார் கத்திரி. யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் நடத்துநர் அண்ணன் கழுத்தில் சுற்றிய துணியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார்.

அப்போது நீங்கள் சொன்னதைத்தான் இந்த மடலில் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். "தப்பு என்னோடது. திங்கக்கிழமை ஒரே ஒரு அறையில உக்காந்து சோதிச்சேன். மூணு அறையும் சேந்து ஓடினா என்ன ஆகும்னு பாக்கல. புதுசு அங்கதான் திணறுது. நான் பழசுக்குத் திரும்பறேன். நான் சொல்ற வரைக்கும் யாரும் மைக்கத் தொடாதீங்க."

நிர்வாகி தலையைச் சொறிந்தார். "புதுசு போட்டாச்சுன்னு மேலிடத்துக்குக் கடிதம் போட்டுட்டேனே."

"திரும்பிட்டோம்னு இன்னொரு கடிதம் போடுங்க சார். தாள் நான் தர்றேன்."

நடத்துநர் அண்ணன் மெதுவாகக் கேட்டார். "பழசுன்னா திங்கக்கிழமைக்குப் போறதுதானம்மா? அப்ப செவ்வாயும் புதனும் நான் படிச்சது?" சனிக்கிழமைதோறும் வேறு கட்டடத்துக்கு ஒரு நகல் போகும், அது அவருக்கும் தெரியும். அந்த வாரத்துச் சனிக்கிழமை இன்னும் வரவில்லை என்பதும் தெரியும். பன்னிரண்டு அத்தியாயத்தையும் மறுபடி படிக்க அவர் தொண்டையில் இடமில்லை. இருந்தாலும் நேரமில்லை.

"பஸ் ஓட்டுறவரத்தான் மாத்துறோம்ணே. உள்ள உக்காந்திருக்கறவங்க யாரும் இறங்க வேண்டாம். ஓட்டுறது இந்தச் சின்ன வட்டுல இருக்கு. நீங்க படிச்சது அந்த எட்டுப் பெரிய வட்டுல இருக்கு. ரெண்டும் வேற வேற."

"டிரைவர் மாறுறது கண்டக்டருக்குத் தெரியாததா? மாத்தும்மா."

மாற்றுவதற்கு முன்னும் நீங்கள் ஒரு பின்வாசல் வைத்தீர்கள். கத்திரியைக் கூப்பிட்டு, "உன் போன்ல சார்ஜ் ஏத்தி வை. ஒன்றரைக்குள்ள பெட்டி எழலன்னா அண்ணன் கடைசி ரெண்டையும் அதுல படிக்கட்டும். குரல் கொஞ்சம் தகரமா இருக்கும், பரவால்ல" என்றீர்கள். பிறகு பெட்டியில் நேரடியாக இன்னொரு திரையைச் செருகி, முறையாக அணைத்து, மறுபடி ஏற்றினீர்கள். இரண்டே வரிகள் கொண்ட பட்டியல் வந்தது. மேலே புதிய பதிப்பு. கீழே, நீங்கள் அழிக்காமல் வைத்திருந்த பழைய பதிப்பு. அம்புக்குறியைக் கீழே இறக்கித் தட்டினீர்கள். அப்போது மணி பன்னிரண்டு பத்து.

விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. ஆறு எரிந்து நின்றது. நிர்வாகி மூச்சை இழுத்துக்கொண்டார். "ஏழாவது அப்படித்தான், வரும்" என்றீர்கள். வந்தது. எட்டும் வந்தது. பன்னிரண்டு இருபத்தொன்றுக்குப் பழைய நீல நிறத் திரை, பிரிந்துபோன சம்பந்தி மாதிரி ஒன்றும் நடக்காததுபோல் வந்து நின்றது. பட்டியலைத் திறந்தோம். கதைகள், பாடநூல்கள், சட்டம், சமையல், எல்லாம் இருந்தன.

நடத்துநர் என்ற பெயர் இல்லை.

நிர்வாகி மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் பார்த்தார். கத்திரி பார்த்தார். நான் பார்த்தேன். அண்ணன் பார்க்கவில்லை, எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "விடுங்கம்மா. கப்பல்னா ஒண்ணு ரெண்டு முழுகத்தான் செய்யும்" என்றார். அந்த நேரத்திலும் எங்களுக்கு ஆறுதல் சொல்ல அவருக்கு வாய் வந்தது.

நீங்கள் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பெட்டியின் தலைமேல் கயிறு கட்டி வைத்திருக்கும் நோட்டுப் புத்தகத்தை எடுத்தீர்கள். பென்சிலால் எழுதுவீர்கள், பேனா குளிரில் எழுதாது என்று. எத்தனை கிண்டல் செய்திருப்போம் அந்த நோட்டை. "பெட்டிக்கு ஜாதகமா?" என்று கேட்டவர் இதோ மேடையில்தான் இருக்கிறார். பக்கத்தைப் புரட்டி விரல் வைத்துப் படித்தீர்கள்: "செவ்வாய், காலை ஒன்பது நாற்பது. மூன்றாம் அறைக்குப் புது வழி. பெயர், நடத்துநர்."

உங்கள் தோள் இறங்கியதை அன்றுதான் பார்த்தேன். அதுவரை நீங்களும் பயந்திருக்கிறீர்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வீடு எங்கயும் போகல. வாசலத்தான் மறந்திருக்கு" என்றீர்கள். பழைய பதிப்புக்குத் திங்கட்கிழமை வரையிலான ஏற்பாடுகள்தான் நினைவில் இருந்தன. செவ்வாய்க்கிழமை நீங்கள் திறந்த வழி புதிய பதிப்பின் நினைவோடு போய்விட்டது. அண்ணனின் குரல் பெரிய வட்டுகளிலேயே இருந்தது. அங்கே போகக் கதவுதான் இல்லை. நோட்டில் இருந்தபடி அதே பெயரில், அதே அனுமதிகளோடு, மறுபடி வழி திறந்தீர்கள். பன்னிரண்டு அத்தியாயமும் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றின் தொடக்கம், நடு, முடிவு என்று தலையில் ஹெட்போனை மாட்டிக் கேட்டீர்கள். பதிமூன்றும் பதினான்கும் சுழியாகவே இருந்தன. அதை மட்டும் எந்தப் பின்வாசலாலும் கொண்டுவர முடியாது. அதையும் நீங்கள் மழுப்பவில்லை.

"அண்ணே, பன்னெண்டு இருக்கு. கடைசி ரெண்டு போயிடுச்சு. அது போனதுதான்."

"கடைசி ரெண்டு ஸ்டாப்தானே? நடந்தே போயிடலாம். தண்ணி மட்டும் சுடச்சுட வேணும்."

ஆனால் நீங்கள் உடனே விடவில்லை. ஒருமுறை பட்டவர் ஆயிற்றே. மூன்று அறையிலும் மூன்று பேரை உட்கார வைத்து, பத்து நிமிடம் ஒரே நேரத்தில் படிக்கச் சொன்னீர்கள். நிர்வாகிக்குக் கையில் கிடைத்தது தீயணைப்புக் கருவியின் விளக்கச் சீட்டு. அதை அவர் எவ்வளவு உருக்கமாகப் படித்தார் என்பதற்கு இன்றும் பதிவு இருக்கிறது. மூன்றும் முழுதாகப் பதிவாகின. கத்திரி போனைப் பைக்குள் வைத்தார். ஒன்றரைக்கு அண்ணன் மூன்றாம் அறைக்குள் போனார்.

நான்கு மணி வரை படித்தார். ஒரு பக்கம் படிப்பார், ஒரு மடக்கு வெந்நீர் குடிப்பார். நீங்கள் பெட்டியறையில் நின்றபடியே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கோப்பின் அளவு ஏறுகிறதா என்று பார்த்து, நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தீர்கள். அந்தப் பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். முப்பது எண்கள், ஒன்றைவிட ஒன்று பெரியது. கடைசி எண்ணுக்கு எதிரே இரண்டே சொற்கள்: கரை சேர்ந்தது.

ஐந்து மணிக்கு அண்ணன் மருத்துவமனைக்குக் கிளம்பினார். போகுமுன் தொலைபேசி நிலையத்துப் பெண்மணியைத் தானே கூப்பிட்டு, "உங்க கப்பல் வந்துடுச்சும்மா, இறங்கிக்கலாம்" என்றார். அவர் முழுக் குரலில் பேசி நாங்கள் கேட்டது அதுதான் கடைசி.

இரண்டு மாதம் கழித்து, திணறலைச் சரிசெய்த பதிப்பு வந்தது. அதை ஏற்றினீர்கள். மூன்று அறையிலும் ஆள் வைத்துச் சோதித்தீர்கள். ஒரு மாதம் ஓடவிட்டீர்கள். அதன்பிறகுதான் ஒருநாள் சாப்பாட்டுக்கு முன், போகிற போக்கில், அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்கினீர்கள். எங்களைக் கூப்பிடக்கூட இல்லை. கத்திரிக்கு இன்னும் அந்த வருத்தம் உண்டு.

அன்றிலிருந்து இந்த நூலகத்தில் ஒரு வழக்கம். பெட்டியில் எதை மாற்றினாலும் மூன்று அறையிலும் மூன்று பேர் உட்கார்ந்து படிக்க வேண்டும். கணக்கர், காவலாளி, துப்புரவு செய்யும் அம்மா, யாருக்கும் விலக்கில்லை. துப்புரவு அம்மா போன வருடம் தன் மகனுக்கு எழுதிய கடிதத்தைப் படித்தார். அப்படியொரு குரல் நம்மிடம் இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போது அவர் ஏழு புத்தகம் படித்து முடித்துவிட்டார்.

அறிவில் ஆழம், ஆணவத்தில் வறட்சி, சொல்லில் சிக்கனம், சோதனையில் தாராளம் என்று உங்கள் குணங்களை வரிசையாக அடுக்கலாம். மடலுக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் அடுக்கி வைத்த நோட்டுகள் பத்தொன்பதும் எங்களிடம் இருக்கின்றன. அவற்றில் மற்றவர் தவறு என்று ஒரு வரிகூட இல்லை. உங்கள் தவறுகள் மட்டும் நாள், மணியோடு இருக்கின்றன. இதைவிடப் பெரிய புகழ்ச்சியை எனக்கு எழுதத் தெரியவில்லை.

கடைசியாக, இன்று காலை நடந்ததை இங்கே வந்திருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இன்று பெட்டியறைப் பொறுப்பு கத்திரியிடம் போகிறது. பெட்டியின் கடவுச்சொல்லை மாற்றினீர்கள். மாற்றினால் சோதிக்க வேண்டுமே. முதல் அறையில் நான். இரண்டாம் அறையில் நிர்வாகி, அதே தீயணைப்புச் சீட்டோடு. மூன்றாம் அறைக்கு ஆள் தேடும்போது, விழாவுக்கென்று சீக்கிரமே வந்திருந்த நடத்துநர் அண்ணன் தானாக எழுந்து உள்ளே போய் உட்கார்ந்தார். அறுவைக்குப்பின் அவருக்குத் தங்கியது காற்றுக் குரல் மட்டும். பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். பத்து நிமிடம் முடிந்ததும் மூன்று கோப்புகளின் அளவையும் பார்த்தீர்கள். எதுவும் சுழி இல்லை. பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்றாவதைக் கேட்டீர்கள். நெடுநேரம் கேட்டீர்கள். கத்திரி ஹெட்போனின் ஒரு பக்கத்தை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார். அதில் பத்து நிமிடமும் அண்ணன் ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்:

"இறங்குறவங்க பாத்து இறங்குங்கம்மா. அவசரமில்ல. வண்டி நிக்குது."

நீங்கள் நோட்டை எடுத்து, மூன்று அறையும் சரி என்று பென்சிலால் எழுதி, பென்சிலை நோட்டுக்குள் வைத்து, கயிற்றைக் கட்டி, கத்திரியின் கையில் கொடுத்தீர்கள். அந்தக் கோப்பை அழிக்கச் சொல்லவில்லை. வழக்கமாகச் சோதனைக் கோப்பை அழிக்கச் சொல்வீர்கள்.

பாத்து இறங்குங்கள், அக்கா. உங்கள் உடம்பு நோயறியாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டுக்காரரின் ஊசி முனை மழுங்காமல் இருக்கட்டும். உங்கள் மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் வந்துபோகும் வாசல் ஒருநாளும் சாத்தாமல் இருக்கட்டும். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோர் வீட்டிலும் அடுப்பு எரியட்டும், விளக்கு எரியட்டும், ஏழாவது விளக்கு தாமதமானாலும் எரியட்டும். வெளியே போனவர்கள் திரும்பி வர, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பின்வாசல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மூன்று அறைகளில் படிப்போர், வெட்டி ஒட்டும் கத்திரி, நிர்வாகி, கணக்கர், காவலாளி, துப்புரவு அம்மா, நடத்துநர் அண்ணன்,
எல்லோர் சொல்லையும் வாங்கி எழுதிய கதைக்காரி,
பேசும் நூலகம்.